சட்டம் குடியிருப்பவர் பக்கம்தானா?

வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் நாலு பேர் கூடினால் போதும், இந்தப் பேச்சு வந்துவிடும். கோர்ட்டுக்குப் போனால் வீடு திரும்ப வராது. சட்டம் முழுக்கக் குடியிருப்பவன் பக்கம். தாத்தா போட்ட வழக்கில் பேரன்தான் தீர்ப்பு வாங்குவான். ஆகவே தண்ணீர் மோட்டாரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, தெரிந்த இன்ஸ்பெக்டரிடம் சொல்லு, அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆட்களை வாசலில் உட்கார வை. படித்தவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள் எல்லாருமே இதைச் சொல்கிறார்கள். சில வழக்கறிஞர்களும் சொல்கிறார்கள் என்பதுதான் வேதனை.

இந்தக் கருத்து தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தவறான கருத்துகள் பல யாருக்கும் கேடில்லாமல் பிறந்து மடியும். இது அப்படிப்பட்டதல்ல. இதை நம்புகிறவர் வழக்குக்கு வேண்டியதைச் சேர்த்து வைப்பதில்லை. சேர்த்து வைக்காததால் தோற்கிறார். தோற்றதும் அதே கருத்துக்கு இன்னொரு சாட்சியாகி விடுகிறார். சிவில் வழக்குகளோடு நெடுங்காலம் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டுக்காரர் தோற்கிற வழக்குகளில் பெரும்பாலானவற்றை அவர் கொண்டுவராத காகிதம்தான் தோற்கடிக்கிறது.

முதலில், சட்டம் யார் பக்கம் என்பதைப் பார்த்துவிடுவோம். இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதைத் தொடர்ந்து 1946, 1949, 1960 என்று சட்டங்கள் வந்தன. நகரத்தில் ஆள் பெருகி வீடு பெருகாத காலம் அது. குடியிருந்தவரைத் தெருவில் நிறுத்தாமல் காப்பது அரசின் கடமையாக இருந்தது. பிறகு காலம் மாறியும் வாடகை மாறாமல் நின்ற இடங்களில் உரிமையாளர்கள் நொந்துபோனார்கள். மகாராஷ்டிரத்தில் 1940ஆம் ஆண்டு வாடகையிலேயே உறைந்து நின்ற சட்டப் பிரிவுகள் இனி நியாயமாகா என்று உச்ச நீதிமன்றமே 1997இல், மல்பே விசுவநாத் ஆச்சார்யா வழக்கில் சொன்னது. அந்தக் காலத்து மனக்குறை உண்மையானது. அது இன்றைய சட்டத்தைப் பற்றிய தீர்ப்பாக மாறியதுதான் பிழை.

அந்தப் பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்து வாசியுங்கள். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தால், அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், கட்டடத்தைச் சேதப்படுத்தினால், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுத்தால், வீட்டுக்காரரின் உரிமையையே மறுத்தால் காலி செய்யும் உத்தரவு பெறலாம் என்று அதன் 10ஆம் பிரிவு வரிசையாகச் சொன்னது. சொந்தக் குடியிருப்புக்காகவும் கேட்கலாம். 14ஆம் பிரிவின்படி இடித்துக் கட்டுவதற்காகவும் கேட்கலாம். 11ஆம் பிரிவு இன்னும் கடுமை. பாக்கியைக் கட்டாமல் குடியிருப்பவர் வழக்கை எதிர்க்கவே முடியாது. கட்டத் தவறி, அதற்குத் தக்க காரணமும் காட்டாவிட்டால் விசாரணையை அங்கேயே நிறுத்திவிட்டுக் காலி செய்ய உத்தரவிடலாம். முழுக்கக் குடியிருப்பவருக்காக எழுதப்பட்ட சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு எப்படி வரும்?

தீர்ப்புகளையும் பாருங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் காலி செய்யக் கேட்கும்போது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு நோட்டீஸ் தனியாகத் தேவையில்லை என்று 1979இல் ஏழு நீதிபதிகள் கூடிச் சொன்னார்கள். அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள். நோட்டீஸில் ஒரு நாள் குறைந்தது என்று சொல்லியே வழக்கை உடைத்துக்கொண்டிருந்தவர்களின் ஆயுதம் அன்றோடு போயிற்று. தனக்கு எந்த வீடு வேண்டும் என்பதை வீட்டுக்காரர்தான் நன்றாக அறிவார், அவர் எப்படி வாழ வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல முடியாது என்று பிரதிவா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல வாரிசுகள் இருந்தாலும் கூட்டுரிமையாளர் ஒருவரே வழக்குப் போடலாம் என்பது 1976இலேயே ஸ்ரீராம் பஸ்ரிச்சா வழக்கில் முடிவான விஷயம். இன்றும் அண்ணன் துபாயில் இருக்கிறான், தங்கை கையெழுத்துப் போட மாட்டாள் என்று சொல்லிக்கொண்டு பத்து வருடம் சும்மா இருக்கும் குடும்பங்கள் உண்டு.

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது இல்லை. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017 என்ற புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது அது. நியாய வாடகை என்று நீதிமன்றம் கணக்குப் போட்டுக் கொடுத்த காலம் முடிந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர். அவருக்கு மேலே வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயம். இந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உடைமையைத் திரும்பப் பெறும் காரணங்களைச் சொல்கிறது. அதில் முதல் காரணத்தைக் கவனியுங்கள்: எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. அந்த ஒரு காரணத்தின் பேரிலேயே காலி செய்ய உத்தரவிட்ட தீர்ப்புகள் சென்னையில் வந்திருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்பு நோட்டீஸ் சார்வு ஆன, அதாவது குடியிருப்பவரிடம் சேர்ந்த, ஒரு மாதத்துக்குள் முழுதும் தீராவிட்டால் அதுவும் காரணம். இதைப் படித்த பிறகும் சட்டம் குடியிருப்பவர் பக்கம் என்று ஒருவர் சொன்னால், அவர் சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, ஃபியூஸைப் பிடுங்கும் வழிக்கு வருவோம். அது வேகமான வழி என்பது பரவலான நம்பிக்கை. குடியிருப்பவர் எதிர்க்கத் தெரியாதவராக இருந்தால் அது வேகமாக நடந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் எதிர்க்கத் தெரியாதவரை மிரட்டி வெளியேற்றுவதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்க்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், வெளியேற்றப்பட்ட ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடுவார். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. அவர் உடைமையில் இருந்தாரா, சம்மதமில்லாமல், சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டாரா, அவ்வளவுதான். பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு சொந்த வீட்டு உரிமையாளர் அங்கே தோற்பார். உரிமம் முடிந்துபோனவரைக்கூடச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்ற முடியாது என்று 1989இல் கிருஷ்ண ராம் மகாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைப் பழைய சட்டமும் தடுத்தது, புதிய சட்டமும் தடுக்கிறது. காவல் நிலையத்துக்கு வீட்டைக் காலி செய்து கொடுக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. வாதியாக நிற்க வேண்டியவர் இப்படித்தான் பிரதிவாதியாகிறார். குடியிருப்பவர் ஒரு தடையாணை வாங்கி வைத்துக்கொள்கிறார். பிறகு வீட்டுக்காரர் எவ்வளவு நியாயமான காரணத்தோடு வந்தாலும், ஆள் வைத்து மிரட்டியவர் என்ற பெயர் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஏறியிருக்கும். நல்ல வழக்குகள் பல இப்படிக் கெட்டிருக்கின்றன.

வாடகையை வாங்க மறுத்துவிட்டு, பிறகு பாக்கி என்று வழக்குப் போடும் உத்தியும் இதே ரகம். பழைய சட்டத்திலேயே, வாங்க மறுத்தால் வங்கிக் கணக்கைக் கேட்டு எழுது, சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்பு, அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் கட்டு என்று 8ஆம் பிரிவு வழி காட்டியிருந்தது. புதிய சட்டத்திலும் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். திருப்பி அனுப்பிய மணியார்டர் கூப்பன் ஒன்று போதும், வழக்கு முடிந்துவிடும்.

அப்படியானால் வழக்கை எப்படித் தயார் செய்வது? இங்கேதான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் யாரும் பேசுவதில்லை.

வழக்கின் தயாரிப்பு வக்கீல் அலுவலகத்தில் தொடங்குவதில்லை, சாவியைக் கொடுக்கும் நாளில் தொடங்குகிறது. முதல் கேள்வி, குடியிருப்பவரோடு உங்களுக்கு இருக்கும் உறவு என்ன என்பது. கேட்க அற்பமாகத் தோன்றும். வீட்டை லீஸுக்கு விட்டிருக்கிறேன் என்கிறார் ஒருவர். மாத வாடகை கிடையாது, ஐந்து லட்சம் மொத்தமாக வாங்கியிருக்கிறார், காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும். ஊரில் இதைப் போக்கியம் என்கிறார்கள், ஒத்தி என்கிறார்கள். எழுதிய தாளில் அது வாடகை ஒப்பந்தமா, அனுபவ அடமானமா? அடமானமாக இருந்தால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுவது வீண், மீட்பு வழக்குப் போட வேண்டும், பணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். இன்னொருவர் காலி மனையை வாடகைக்கு விட்டார், எடுத்தவர் தன் செலவில் கடை கட்டிக்கொண்டார். இந்த இடத்தில் 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அந்தச் சட்டம் பொருந்தும் இடமாக இருந்தால், கட்டடத்துக்கு இழப்பீடு கேட்கவும், 9ஆம் பிரிவின்கீழ் அந்த நிலத்தையே விலைக்குக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. மூன்றாமவர் வீடு கிராம ஊராட்சியில் இருக்கிறது. நகர்ப்புறத்துக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே போகாது. சொத்து மாற்றுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் தவறான கதவைத் தட்டி மூன்று வருடம் கழித்து, இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை என்ற வரியை வாங்கிக்கொண்டு போனவர்கள் சட்டத்தைத் திட்டுகிறார்கள்.

அடுத்து, பதினொரு மாத ஒப்பந்தம் என்ற மாயை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், பதிவுச் செலவைத் தவிர்க்க வந்த பழக்கம் இது. முத்திரைத் தாளில் டைப் அடித்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று மக்கள் நம்புகிறார்கள். பதினோராவது மாதம் முடிந்த பிறகு பலர் அதைப் புதுப்பிப்பதே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்பு போட்ட தாளில் உள்ள வாடகை ஒன்று, இன்று வாங்குவது வேறொன்று. அதோடு, புதிய சட்டத்தின்படி மாதக் கணக்கு எதுவானாலும் எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். இதற்கென்று அரசு இணையதளமே வைத்திருக்கிறது. பதியாத தாளை நம்பி நீதிமன்றத்தில் நிற்பவர், தன் முதல் ஆவணத்தைப் பற்றியே முதல் ஆட்சேபணையைக் கேட்பார்.

அட்வான்ஸ் தொகையையும் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது இயல்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது புதிய சட்டம். பெருந்தொகையை அட்வான்ஸாக வாங்கி அதை ஒப்பந்தத்தில் குறைத்து எழுதுகிறவர் தன் வழக்கில் தானே ஓட்டை போடுகிறார். கையில் பத்து மாதப் பணம் இருக்கும்போது இரண்டு மாத பாக்கி எப்படி வேண்டுமென்றே வைத்த பாக்கியாகும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வாயில் இருந்தால் போதாது.

வாடகைக் கணக்கு வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் குறைவு. ரசீது கொடுத்தால் குடியிருப்பவருக்குச் சான்று ஆகிவிடும் என்ற பயம் ஒரு காரணம், வருமான வரிக் கூச்சம் இன்னொன்று. ரசீது கொடுக்காதவர் பாக்கியை எப்படி நிரூபிப்பார்? ஒரு மாதம் ரொக்கம், ஒரு மாதம் மனைவியின் கணக்குக்கு கூகுள் பே, ஒரு மாதம் ரிப்பேர் செலவில் கழிவு என்று வாங்கியவர், எந்த மாதம் முதல் எவ்வளவு பாக்கி என்று மனுவில் எழுத முடியாமல் தோராயமாக எழுதுகிறார். தோராயமாக எழுதிய பாக்கி குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது. ஒரே வங்கிக் கணக்கு, மாதம் தவறாமல் எண்ணிட்ட ரசீது, அடிக்கட்டையில் குடியிருப்பவரின் கையெழுத்து. இவ்வளவுதான் தேவை. வாட்ஸ்ஆப்பில் "அடுத்த மாதம் சேர்த்துத் தர்றேன் சார்" என்று வந்த செய்தியையும் சான்றாக்கலாம், ஆனால் மின்னணுச் சான்றுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழோடு. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. போனை மாற்றியபோது செய்திகள் அழிந்துவிட்டன என்று சொல்பவருக்கு எந்தச் சட்டமும் உதவ முடியாது.

நோட்டீஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழு நீதிபதிகள் தீர்ப்பு நோட்டீஸை அர்த்தமற்றதாக்கிவிடவில்லை. பாக்கி வழக்கில் நோட்டீஸ்தான் உயிர். பழைய சட்டத்தின்கீழ் இரண்டு மாத நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாமல் இருந்தால் அது வேண்டுமென்றே செய்த தவறு என்று கொள்ளப்படும் என்பதை 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கு விளக்கியது. புதிய சட்டத்திலும் கேட்பு நோட்டீஸ் சார்வு ஆன நாளிலிருந்துதான் கெடு ஓடும். ஆகவே ஒப்புகையோடு அனுப்புங்கள், சரியான முகவரிக்கு அனுப்புங்கள், திரும்பி வந்த உறையைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நோட்டீஸுக்குப் பிறகு வாடகை வாங்கினால் நோட்டீஸ் செத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். வாடகையை ஏற்றதாலேயே நோட்டீஸ் கைவிடப்பட்டதாகாது, கைவிடும் எண்ணம் காட்டப்பட வேண்டும் என்று 2006இல் சரூப் சிங் குப்தா வழக்கில் தீர்ப்பு உண்டு. உரிமைக்குப் பாதகமின்றிப் பெறுகிறேன் என்று ரசீதில் ஒரு வரி எழுதினால் போதும்.

இனி நான் மிகவும் வருந்தும் விஷயத்துக்கு வருகிறேன். மனு எழுதும் பழக்கம் கெட்டுப்போயிருக்கிறது. எல்லாக் காரணத்தையும் போட்டு வைப்போம், ஏதாவது ஒன்று நிற்கும் என்பது வழக்கறிஞர் வட்டாரத்தில் பரவலான ஞானம். மகளுக்குக் கல்யாணம், அவள் குடியிருக்க வேண்டும். கட்டடம் பழுது, இடித்துக் கட்ட வேண்டும். வாடகை பாக்கி. உள்வாடகை. தொல்லை. ஐந்தும் ஒரே மனுவில். மகள் குடியிருக்கப் போகும் வீட்டை ஏன் இடிக்கிறீர்கள் என்ற ஒரே கேள்வி இரண்டு காரணங்களையும் சாய்த்துவிடும். மூன்றாவது நான்காவது காரணங்களுக்குச் சான்று இல்லாததைப் பார்த்ததும், சான்று இருக்கும் காரணத்தின் மீதும் நீதிபதிக்கு ஐயம் வரும். உண்மையான காரணம் எது என்று கட்சிக்காரரை உட்கார வைத்துக் கேட்டு, அந்த ஒன்றை ஆவணத்தோடு நிறுத்துவதுதான் தயாரிப்பு. இடிப்பு என்றால் கட்டட வரைபடமும், திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்த சான்றும், பணம் இருப்பதற்கான ஆதாரமும் வேண்டும். கட்டடம் இற்றுப்போயிருக்க வேண்டிய அவசியமில்லை, எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் 1996இல் விஜய் சிங் வழக்குக்குப் பின் பழைய சட்டத்தின்கீழ் இருந்த நிலை. அந்த எண்ணத்தைக் காட்டுவது காகிதம்தான்.

சொந்தத் தேவை என்றால், தேவை உடையவர் கூண்டில் ஏற வேண்டும். இதில் தோற்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஊர் திரும்பப் போகிறான், அவன் பெயரில் உள்ள வீடு அவனுக்கு வேண்டும். உண்மையான தேவை. மகன் பவர் பத்திரம் அனுப்பிவிட்டு அங்கேயே இருக்கிறான், எழுபது வயது அப்பா சாட்சி சொல்கிறார்.

"உங்க மகன் எந்த மாசம் வேலையை விடப் போறார்?"

"அது அவன்கிட்டதான் கேக்கணும் சார்."

வழக்கு அந்த வரியில் விழுந்துவிடுகிறது. பவர் கொடுத்தவரின் சொந்த அறிவில் மட்டும் உள்ளவற்றைப் பற்றி அவருக்குப் பதிலாகப் பவர் பெற்றவர் சாட்சி சொல்ல முடியாது என்று 2004இல் ஜானகி வாஷ்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் கூண்டில் ஏறியிருந்தால், அல்லது காணொலி வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி கேட்டிருந்தால் நிலைமை வேறு. அந்த அப்பா வெளியே வந்து என்ன சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும். சட்டம் அவன் பக்கம் என்பார்.

இதே இடத்தில் மறைப்பும் கொல்லும். அதே ஊரில் இன்னொரு வீடு இருப்பதை மனுவில் சொல்லாமல் விட்டு, குறுக்கு விசாரணையில் மின் இணைப்பு எண்ணோடு அது வெளியே வந்தால், தேவை எவ்வளவு உண்மையானாலும் நம்ப ஆளிருக்காது. இன்னொரு வீடு இருக்கிறது, அது மாடியில் இருக்கிறது, அம்மாவால் படியேற முடியாது, இதோ மருத்துவர் சான்று என்று தானே முதலில் சொல்பவர் ஜெயிக்கிறார்.

சொத்து விவரம் எழுதும் கடைசிப் பத்தியை யாரும் கவனித்துப் படிப்பதில்லை. பழைய கதவு எண், புதிய கதவு எண், சர்வே எண், நான்கெல்லை, எந்தத் தளம், எத்தனை சதுர அடி, மொட்டை மாடி சேர்த்தியா, மோட்டார் அறை சேர்த்தியா. ஐந்து வருடம் போராடி உத்தரவு வாங்கி, அமீனா வாரண்டோடு வாசலுக்கு வந்து, இந்த எண்ணில் இங்கே வீடு இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போன வழக்குகள் உண்டு. சென்னையில் கதவு எண் மாறாத தெரு அபூர்வம். ஒரு எளிய வரைபடத்தை மனுவோடு இணைத்திருந்தால் அந்த அவதி வந்திராது.

தாமதம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. நாடு முழுவதும் 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கியிருப்பதை 2025இல் உச்ச நீதிமன்றம் கவலையோடு பதிவு செய்தது. தீர்ப்பு கையில் இருந்தும் வீடு கையில் வராதவர்களின் எண்ணிக்கை அதற்குள் அடங்கியிருக்கிறது. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021இல் ராகுல் ஷா வழக்கில் சொன்ன நெறி ஏட்டில் இருக்கிறது, நடைமுறையில் எல்லா இடத்திலும் இல்லை. இது அரசும் உயர் நீதிமன்றமும் சரிசெய்ய வேண்டிய குறை, உரக்கக் கேட்க வேண்டிய குறை. நீதிபதி இடங்கள் காலியாகக் கிடக்கும்போது கெடு விதித்துச் சட்டம் எழுதுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது.

ஆனால் தாமதத்தை யார் பயன்படுத்துகிறார் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. உத்தரவு வந்த மறுநாளே, என்னைக் கேட்காமல் தடை தராதீர்கள் என்று கேவியட் மனுப் போட்டவரின் முதுகுக்குப் பின்னால் தடையாணை வராது. குடியிருப்பவர் மேல்முறையீட்டில் தடை கேட்டால், சந்தை நிலவரப்படி வாடகை கட்டச் சொல்லி நிபந்தனை விதிக்கலாம் என்று 2004இல் ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. அதைக் கேட்க அக்கம்பக்க வாடகைக்கு ஆதாரம் வேண்டும். கேட்பவர்கள் மிகக் குறைவு. பழைய வாடகையில் காலம் தள்ளலாம் என்ற ஆதாயம் போய்விட்டால் காலம் தள்ளும் ஆசையும் போய்விடும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லியும் கட்சிக்காரர்கள் ஆவணம் தேட அலுத்துக்கொள்கிறார்கள்.

பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவனுக்கே சொந்தம் என்ற பயத்தையும் இங்கேயே புதைத்துவிடலாம். வாடகைதாரர் உங்கள் அனுமதியோடு இருப்பவர். அனுமதியோடு இருப்பது எதிர் அனுபவம் ஆகாது, எத்தனை வருடம் ஆனாலும் ஆகாது. உங்களை வீட்டுக்காரராக ஒப்புக்கொண்டு உள்ளே வந்தவர் பிறகு உங்கள் உரிமையை மறுக்கவும் சாட்சியச் சட்டம் விடாது. இந்தப் பொய்ப் பயத்தால் ஒவ்வொரு பதினொரு மாதத்துக்கும் நல்ல குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு அவதிப்படும் குடும்பங்கள் எத்தனை!

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். வீட்டுக்காரர் வழக்கைக் கூர்மையாக்கச் சொல்லித் தருவது ஏழைக் குடித்தனக்காரருக்கு எதிரானதல்லவா? அப்படியல்ல என்பதே என் உறுதியான எண்ணம். ரசீது கொடுக்கும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவருக்கும் சான்று இருக்கிறது. பதிந்த ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தொகையும் திருப்பித் தரும் கெடுவும் இருக்கின்றன. உண்மைக் காரணத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு, பொய்க் காரணத்தோடு வருபவரை வக்கீல் அறையிலேயே தடுத்து நிறுத்துகிறது. சொந்தத் தேவை என்று சொல்லித் திரும்பப் பெற்ற வீட்டில் குடியேறாமல் வேறு ஆளுக்கு விட்டால், வெளியேறியவர் திரும்பக் கேட்கவும் பழைய சட்டம் இடம் தந்தது. ஏழையை வதைப்பது ஆள் வைக்கும் வழிதான். பணமும் செல்வாக்கும் உள்ள குடித்தனக்காரரிடம் அந்த வழி எடுபடுவதே இல்லை.

வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தம் பதியப்படவில்லையா, இந்த மாதமே குடியிருப்பவரோடு உட்கார்ந்து எழுதிப் பதியுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்பதைக் கடிதம் மூலம் பதிவு செய்து வையுங்கள். ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது வீடு வேண்டும் என்பதற்கான ஒரே உண்மைக் காரணத்தையும், அதற்கான காகிதத்தையும் கொண்டுபோங்கள். ஐந்து காரணம் போடலாம் என்று அவர் சொன்னால் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்.